பேச்சியம்மாவின் கையில் அகில் எண்ணெய்

1957ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா அரை நாள் வேலையோடு ஹட்டனுக்குத் துணி எடுக்கப் போனாள். புடவைக் கடை முதலாளியின் மனைவி மனோரஞ்சிதம், கல்கத்தாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த குப்பியை வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குச்சியால் பேச்சியம்மாவின் மணிக்கட்டிலும் ஒரு புள்ளி தொட்டு வைத்தாள்.

“அகில் எண்ணெய். மரத்துக்குச் சீக்கு வந்தாத்தான் இது உள்ளுக்குள்ள ஊறுமாம்.”

முகர்ந்ததும் பேச்சியம்மாவுக்கு மாட்டுப்பட்டிதான் நினைவுக்கு வந்தது. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

மழையில் நனைந்து தோட்டத்து லயத்தில் இருந்த தன் வீட்டுக்கு நடக்கையில் வாசம் மாறியது. தேனும் புகையும் கலந்தாற்போல் ஒன்று கூடவே வந்தது. மறுநாள் மலையில் பக்கத்து நிரைப் பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு, “கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களாக்கா?” என்று கேட்டார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அது போகவில்லை. கறை படிந்து வெடித்த தன் கையை அவள் யாருடையதோ போலப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

“இன்னும் இருக்குதுங்கம்மா.”

மனோரஞ்சிதம் குனிந்து முகர்ந்தாள். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

“நானும் தினம் பூசுறேன்,” என்றாள் மெதுவாக. “எங்கிட்ட ஒருநாளும் இப்படி மணந்ததில்ல.”