இரும்பு உள்ளே வரக் கூடாது

மேஸ்திரி மண்டை பிளந்து கிடந்த இடத்தில் மரத்தூளைக் கொட்டி மூடினேன். தூள் ஊறிச் சிவந்தது. இன்னொரு கூடை கொட்டினேன். அதுவும் சிவந்தது.

அடித்தது என் தம்பி. அதை அவனே ஒப்புக்கொண்டான். மேஸ்திரிதான் முதலில் கடப்பாரையை ஓங்கினான், உயிருக்குப் பயந்து நான் திருப்பி அடித்தேன் என்றான். நான் நம்பினேன். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல்? முந்தின வாரம் சுமை ஏற்றுகிற ஆட்கள் எதிரிலேயே மேஸ்திரி அவனைக் கன்னத்தில் அறைந்தவன். கை நீட்டுகிற பழக்கம் உள்ளவன்.

போலீஸ் தம்பியை இழுத்துப் போன ஒரு மணி நேரத்தில் மேஸ்திரியின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து என் மரம் அறுக்கிற பட்டறையின் ஆபீசை நொறுக்கினார்கள். மேஜை, நாற்காலி, கேமரா ஓடுகிற கம்ப்யூட்டர், எல்லாம். தடுக்கப் போன எனக்கு விலாவில் ஒரு உதை. குற்றம் இல்லாதவன் கேமரா பெட்டியை ஏன் உடைக்கிறான்? என் தம்பி சொன்னது உண்மை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு வேண்டியிருந்தது. நாளை நாலு மணிக்கு வருவேன், பதிவு இருந்தால் காட்டு, இல்லையென்றால் கொலை முயற்சி, ஆஸ்பத்திரியில் கிடக்கிற மேஸ்திரி செத்தால் கொலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனைக் கூட்டி வந்தேன். தடித்த கண்ணாடி போட்டவன். ஆட்கள் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள்.

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ரம்பக் கொட்டகைக்குள் வருகிறவன் எவனாக இருந்தாலும் வாசலில் உள்ள தகர டப்பாவில் சட்டைப் பையைக் காலி செய்ய வேண்டும். ஓடுகிற பட்டை ரம்பத்தில் ஒரு ஆணி சிக்கினால் போதும், பட்டை அறுந்து பாம்பு மாதிரி சீறி வரும். ஒருவன் காது போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆபீஸ் கொட்டகையின் கோடியில் இருந்ததால் கண்ணாடிக்கும் அதே சட்டம். சாவி, சில்லறை, போன், இரண்டு பென் டிரைவ், எல்லாவற்றையும் போட்டான். வேலைக்கு வேண்டும் என்று பென் டிரைவைக் கேட்டான். சிவப்பை மட்டும் கொடுத்தேன். கறுப்பை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு எதற்கு? ஒன்று வேலைக்கு, இன்னொன்று பதிவைத் திருடி அந்தப் பக்கம் விற்பதற்கு. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக இரும்போடு கொட்டகைக்குள் நடந்தேன்.

உடைந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். போர்டு போச்சு, டிஸ்க் இரண்டும் பிழைத்துவிட்டன என்றான். கடப்பாரையால் குத்தியும் சாகவில்லையா என்றேன். டிஸ்க் லேசில் சாகாது, நசுங்கினாலும் உள்ளே இருப்பதை எடுக்கிற ஆள் இருக்கிறான் என்று சிரித்தான். ஆனால் இவை இரண்டும் ஜோடி, பாதிப் பதிவு இதில், பாதி அதில், ஒன்று போனால் இரண்டுமே குப்பை என்றான்.

கொண்டு வந்த வேறு பெட்டியில் அவற்றை மாட்டி, புது டிஸ்க் ஒன்றையும் வைத்து, சிவப்புப் பென் டிரைவைச் செருகி சிஸ்டம் போட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் திரை நின்றது. பெட்டிக்குள் டிஸ்க்கே இல்லை என்று காட்டுகிறதாம். மூன்று டிஸ்க் என் கண் எதிரில் மாட்டியிருக்கிறது, இல்லையாம். டிரைவர் வேண்டும் என்றான். அது ஒரு சின்ன புரோகிராம், இந்தப் போர்டிடம் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதுதான், இன்னொரு பென் டிரைவில் வைத்திருந்தேன் என்று பைகளைத் தட்டிப் பார்த்தான். டப்பாவில் ஒன்றுதான் இருந்தது என்று முகம் மாறாமல் சொன்னேன். கடையில் விட்டுட்டேன் போல என்று தலையைச் சொறிந்தான். போனைக் கொடுங்கள், அதில் இறக்கிக்கொள்கிறேன் என்றான். கொடுக்கவில்லை. போன் கைக்குப் போனால் யாருக்குப் பேசுவான் என்று எனக்கென்ன தெரியும்?

மூன்று மணி ஆயிற்று. ஐந்து தடவை மூடித் திறந்தான். ஐந்து தடவையும் அதே வெறும் பட்டியல். கடைசியில், செட்டிங்கை மாற்றிப் பார்க்கிறேன், கொஞ்சம் ஆபத்துதான் என்று முனகிக்கொண்டே எதையோ அமுக்கினான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சிவப்பு தெரியும்.

மூலையில் மரம் அளக்கிற கோல் இருந்தது. கீபோர்டில் இருந்த அவன் கை மேல் இறக்கினேன். விரல் முறிகிற சத்தம் சுள்ளி ஒடிகிற சத்தம்தான், ஒரு வித்தியாசமும் இல்லை. கீழே விழுந்தவன் முதுகில் இன்னும் இரண்டு வைத்தேன்.

"எவ்வளவுடா குடுத்தான் அந்தப் பய? அழிக்கத்தானே வந்த?"

"ஐயோ பெரியவரே, அது எச்சரிக்கை. ஜோடி பிரிஞ்சுரும், வேணாம்னு அதுவே சொல்லுது. நான் வேணாம்னுதான் அமுக்கப் போனேன்." கையை வயிற்றில் அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "அந்தக் கறுப்பு பென் டிரைவ் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை."

கோலைப் போட்டேன். சட்டைப் பையில் கையை விட்டு அதை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இடது கையால் செருகினான். மூன்று டிஸ்க்கும் வரிசையாக வந்து நின்றன.

மூன்றரைக்குப் பதிவு ஓடியது.

மேஸ்திரி அறுக்கக் கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கையில் கடப்பாரை இல்லை. ஒன்றுமே இல்லை. பின்னால் இருந்து ஒருவன் வந்தான். தோளை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிற நடை, எங்கள் அப்பாவுடைய நடை. மரம் புரட்டுகிற கொக்கியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினான். மேஸ்திரி சரிந்தான். சரிந்த பிறகு இன்னும் மூன்று. கடைசி அடிக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டான்.

"அழிச்சுரு" என்றேன்.

கண்ணாடி வீங்கிய கையைத் தூக்கிக் காட்டினான். "அழிக்க வந்தேன்னுதானே ஒடிச்சீங்க? இப்ப நீங்களே சொல்றீங்க. நான் மாட்டேன்."

கோலை மறுபடி எடுக்க எனக்குக் கை வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டை உடைத்து, பழைய டிஸ்க் ஒன்றை ஒயரோடு பிய்த்தேன். சுத்தியால் அடித்தால் எடுக்கிற ஆள் இருக்கிறான் என்று அவன்தானே சொன்னான். நடுவே அறுத்துவிட்டால்? எந்தக் கொம்பனும் ஒட்டவைக்க முடியாது. ரம்பத்தின் சுவிட்சைப் போட்டேன். கண்ணாடி, வேணாம் பெரியவரே, இரும்பு, இரும்பு என்று கத்தினான். என் சட்டத்தை என்னிடமே சொன்னான்.

பாதி வரை போயிற்று. நெருப்பு பறந்தது. பிறகு பட்டை அறுந்தது.

என் இடது கையில் மூன்று விரல் மரத்தூளில் கிடந்தன. வலி உடனே வரவில்லை. ரத்தம் வந்தது. கண்ணாடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து, தன் இடுப்பு பெல்ட்டை உருவி, நல்ல கையாலும் பல்லாலும் என் முழங்கைக்குக் கீழே இறுக்கினான். அப்படி இறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

கண்ணாடி பெல்ட்டை விடாமல், கறுப்புப் பென் டிரைவ் மேஜையில் இருக்கிறது சார், அதில் இருக்கிறது என்றான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையாம், அவன் தொழில் அப்படி. நான் திரையை விழுங்கிக்கொண்டு நின்றபோது எடுத்திருக்கிறான்.

மேஸ்திரி ஒன்பதாம் நாள் செத்தான். கண்ணாடியின் ஒடிந்த இரண்டு விரலும் கோணலாகத்தான் கூடின. அவன் என் மேல் கொடுத்த கேஸ் நடக்கிறது. நடக்கட்டும், அடித்தது நான்தான்.

போன வாரம் ஜெயிலில் தம்பியைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் கைக்கட்டைப் பார்த்தான்.

"பெட்டிதான் உடைஞ்சு போச்சே. நான் சரிபண்ணச் சொன்னேனாண்ணே?"

சொல்லவில்லை. அன்றைக்கு லாக்கப்பில் உடைந்த பெட்டியிலிருந்து பதிவை மீட்டுவிடலாம் என்று நான் சொன்னபோதுகூட அவன் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வாயைத் திறக்கவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.