ஹோஸ் எட்டாத மூலை

ஊரில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். கால் ஓரிடத்தில் தரிக்காது. அப்படிப்பட்டவளிடம் போய்க் கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு என்றால் நடக்கிற காரியமா?

சொன்னவர் வேளாண்மை அதிகாரி. பீன்ஸ் கொடிகளில் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. போன வருஷமும் இதே கதைதான்.

"ராத்திரி வெக்கை தணியாம பூ நிக்காதும்மா. மண்ணுல ஈரம் போதும். இதுக்கு மேல தண்ணி விட்டா வேர் அழுகிடும். வெக்கை குறைஞ்சா கொடி தானா மறுபடி பூக்கும்."

புருஷனும் பெண்டாட்டியும் தலையாட்டினார்கள். அவர் வண்டி திரும்பியதுமே அவள் உதிர்ந்த பூக்களை எண்ண ஆரம்பித்தாள். இந்த விளைச்சலும் போனால் வெளியூர் மில்லுக்குப் போய் அங்கேயே தங்கிவிடப் போவதாகப் புருஷன் சொல்லியிருந்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். வரப்பில் நடப்பாள், உதிர்ந்த பூவைப் பொறுக்குவாள், வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் பாதி தேய்த்துவிட்டு மறுபடி ஓடுவாள். ஒரு மத்தியானம் புருஷன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஹோஸை இழுத்துப் போய்த் தூருக்குத் தூர் கொஞ்சம் தண்ணீர் காட்டினாள். பெற்ற பிள்ளை நாக்கு வறண்டு கிடந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அப்புறம் அதுவே தினப்படி ஆயிற்று. மண் ஏற்கெனவே நசநசவென்றிருந்தது. பனி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இலை மஞ்சளானது. தாகம்தான் என்று இன்னும் கொஞ்சம் விட்டாள்.

ஒருநாள் விடிகாலையில் முழிப்புத் தட்டியது. பக்கத்தில் புருஷனைக் காணோம். தேடிப் போனால், வயலில் கையும் ஹோஸுமாக நின்றுகொண்டிருக்கிறான்.

"என்னங்க இது?"

"மனசு கேக்கல. கொஞ்சம்தான் விட்டேன்."

"எப்பலேருந்து?"

"அவரு வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது?

"நான் மத்தியானத்துல விடுறேன்," என்றாள் மெதுவாக.

அவன் ஒரு கொடியைப் பிடித்து இழுத்தான். சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் கொழகொழவென்றிருந்தது. அவள் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் வெக்கை தணிந்தது. ஹோஸ் எட்டாத மூலையில் நாலு வரிசை மட்டும் பச்சையாக நின்று, அதிகாரி சொன்னபடியே மறுபடி பூத்து, ஊசி ஊசியாகப் பிஞ்சு விட்டது. மற்ற இடமெல்லாம் வெறும் குச்சிகள்.

புருஷன் துணிப்பையோடு கிளம்பி நின்றான். கண் அந்த மூலையிலேயே இருந்தது.

"அதை விதைக்கு விட்டுடுறேன். அடுத்த போகத்துக்கு வந்துடுங்க," என்றாள்.

"வந்துடுறேன். அதுக்குக் கொஞ்சம் தண்ணி..."

"ஐயோ சாமி! எனக்கே என்மேல நம்பிக்கையில்ல. போறப்ப அந்த ஹோஸையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

அவன் சிரிக்கவில்லை. ஹோஸைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.