மூன்றாவது மெழுகு

டிராம்போன் ஊதும் ஜெப்சனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. நன்றாக ஊதுவான், அதுதான் எரிச்சல். அன்று லண்டன் ஒலிப்பதிவு அறையில் வினிஃப்ரெட் ஹார்க்கஸ் குழுவை நடத்தப் பெட்டிமேல் ஏறியதும், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "ஒரு பொம்பள குச்சி ஆட்டுவா, நான் ஊதணுமா? அடுப்படில போய் ஆட்டச் சொல்லு."

"நீ ஒழுங்கா ஊது ஜெப்சன். ஆட்டுறத நான் பாத்துக்கறேன்," என்றார் அவர்.

வயலின்காரர்கள் நாங்கள் சிரித்தோம். அவன் முகம் கறுத்தது.

இசைக்குழுவை நடத்தி இசைத்தட்டு போட்ட ஆங்கிலேயப் பெண் அதுவரை யாரும் இல்லை. மூன்று மெழுகுத் தட்டுகள்தான் தருவேன், மூன்றும் வீணானால் குழுவை நானே நடத்திக்கொள்வேன் என்று மேலாளர் கிராம்ப்டன் சொல்லியிருந்தார். மைக் வராத காலம். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கூம்பின் முன்னால் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து வாசிப்போம். திரைக்குப் பின்னால் ஊசி அதை மெழுகில் கீறும். யாராவது தும்மினால் அதையும் கீறும். வெட்டி ஒட்டுவதெல்லாம் கிடையாது.

முதல் மெழுகில் ஜெப்சன் இருமினான். இரண்டாவதில் அவன் காலடியில் ஏதோ விழுந்தது.

"கை தவறிடுச்சு மேடம்," என்றான், பல்லை இளித்துக்கொண்டு.

"இன்னொரு தடவ ஏதாவது தவறுச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல," என்று கிராம்ப்டனே கத்திவிட்டுப் போனார்.

மூன்றாவது மெழுகு. நடுவில் கிளாரினெட் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. எங்களை அடக்க வினிஃப்ரெட் இடது கையைத் தாழ்த்தினார். அவர் பெட்டிக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்த ஜெப்சன் அந்தக் கையைப் பிடித்தான். சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான், அவர் முகத்தைப் பார்த்தபடியே, நிதானமாக. அவர் கத்தினால் பதிவும் போகும், பழியும் அவர்மேல் விழும். நான் பக்கத்து நாற்காலி. அந்த நாயை உதைத்திருப்பேன். உதைத்தால் அதையே சாக்காக வைத்து அவன் அலறுவான்.

விரல் முறிந்தது. அவர் உதட்டைக் கடித்ததில் ரத்தம் மோவாயில் இறங்கியது. வலது கை தாளம் தப்பவில்லை. கடைசிப் பகுதியில் ஊதியே ஆக வேண்டும் என்பதால் ஜெப்சன் கையை விட்டான். நன்றாகவே ஊதினான், சனியன்.

ஒலிப்பதிவாளர் ஆம்ப்ரோஸ் ஊசியைத் தூக்கிவிட்டுத் திரையை விலக்கி, பதிவு முடிந்தது என்று கை காட்டினார். அடுத்த நொடி, ஜெப்சனின் வாயிலேயே இருந்த டிராம்போனை வினிஃப்ரெட் வலது உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். பல் உடைந்தது. இரண்டு உதடும் கிழிந்தன. ஊதுகிறவனுக்கு உதடு போனால் பிழைப்பே போயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை. நானும் எழுந்து விலாவில் இரண்டு உதை விட்டேன்.

சத்தம் கேட்டு வந்த கிராம்ப்டன் தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"ரவுடித்தனம் பண்றவ பேர என் தட்டுல போட மாட்டேன். பதிவு நல்லாத்தானே வந்திருக்கு? நான் நடத்துனதா வெளிய வரும்."

வினிஃப்ரெட் ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பினார். "ஆம்ப்ரோஸ், அதப் போடுங்க. நான் கேக்கணும்."

"ஒரு தடவ போட்டா மெழுகு செத்துரும்மா. அப்புறம் அதுலேருந்து தட்டு அச்சு எடுக்க முடியாது."

"தெரியும்."

ஆம்ப்ரோஸ் அசையவில்லை. வினிஃப்ரெட்டே திரைக்குள் போய் ஊசியை மெழுகில் இறக்கினார். கிராம்ப்டன் பாய்ந்து அவர் கூந்தலைப் பிடித்து இழுத்தார். நாங்கள் கிராம்ப்டனின் காலரைப் பற்றிச் சுவரோடு தள்ளினோம். என் முழங்கை அவர் கழுத்தில் இருந்தது.

கூம்பிலிருந்து இசை வந்தது. ஊசி போன வழியெல்லாம் மெழுகு சோப்புத் துருவலைப் போல உதிர்ந்தது. அவ்வளவு நன்றாக வாசித்திருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. என் முழங்கைக்கு அடியில் கிராம்ப்டன்கூடத் திமிறுவதை நிறுத்தியிருந்தார்.

கடைசி ஸ்வரம் ஓய்ந்தது. வினிஃப்ரெட் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தார். இடது கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். அப்புறம்தான் கத்தினார்.