மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

அந்தச் சலவை ஆலையில் அவளுக்குக் கண்ணில் கண்டாலே ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால், அது பாய்லர் அறைக் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்த தகரப் பலகைதான். சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: குவாலிஃபைட் பெர்சன்ஸ் ஒன்லி. பலகைக்குக் கீழே, வாசலுக்குக் குறுக்கே தரையில் ஒரு மஞ்சள் கோடு. இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கும் அவள், பாய்லர் அண்ணனுக்கு டீ கொண்டுபோகும் போதெல்லாம் அந்தக் கோட்டோடு நின்றுவிடுவாள். கையை மட்டும் நீட்டி டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

முதன்முதலில் அந்தப் பலகைக்கு அர்த்தம் சொன்னது அவளுடைய வீட்டுக்காரர். அவர் அதே ஆலையில் வேன் ஓட்டுபவர். ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று அழுக்குத் துணியை அள்ளிவந்து வெள்ளைத் துணியாகத் திருப்பிக் கொடுப்பவர்.

"படிச்சவங்க மட்டும் உள்ள வரலாம்னு போட்டிருக்கு," என்றார்.

"அப்போ பாய்லர் அண்ணன் நிறையப் படிச்சவரா?"

"உள்ள இருக்காருல்ல? அப்போ படிச்சவராத்தான் இருக்கணும். என்ன கேள்வி இது!"

விஷயம் அத்தோடு முடிந்தது. அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆகவே கோட்டுக்கு வெளியே.

குவாலிஃபைட் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒருவர் இருந்தார். கொழுந்தன். கூடத்துச் சுவரில் அவருடைய சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. வேலை மட்டும்தான் இன்னும் அவருடையதாகவில்லை. தகுதிக்கேற்ற வேலை வரட்டும் என்று காத்திருந்தார். வேலையும் அவரைப்போலவே எங்கேயோ உட்கார்ந்து காத்திருந்தது போலும். ஆனாலும் வீட்டுக்காரர் தம்பியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். "அவன் குவாலிஃபைட்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். வீட்டிலும் துணிதான்.

இதற்கு நடுவில் ஆலையில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு மதியம் இஸ்திரி உருளை சட்டென்று ஆறிப்போய், விரிப்புகள் ஈரமாகவே வெளியே வந்தன. ஆவி வரவில்லை. ஹோட்டல்காரர்கள் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். முதலாளி பாய்லர் அறைக்கு ஓடினார். பின்னாலேயே இவளும் போய்க் கோட்டோடு நின்றாள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. பாய்லர் அண்ணன் நெருப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தண்ணி இல்லன்னா பம்பைப் போட்டு விட வேண்டியதுதானே!" என்று முதலாளி குதித்தார்.

"விட மாட்டேன். உள்ள குழாயெல்லாம் பழுக்கக் காய்ஞ்சு கிடக்கு. இப்போ பச்சத் தண்ணி பட்டா வெடிச்சிரும். ஆறட்டும்."

"நான் சொல்றேன், விடுங்க!"

"நீங்க வெளிய போங்க சார்."

அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கும் மனுஷன் அவர். சம்பளம் கொடுக்கிற முதலாளியோ, வாத்தியார் வெளியே அனுப்பிய பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். அவள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அண்ணனுக்கு அன்றைக்கு என்னவோ கோபம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பாய்லர் அண்ணன் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போகப் போகிறார் என்ற செய்தி வந்தபோது முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். பாய்லர் பயிற்சியில் யார் வேண்டுமானாலும் சேரலாம். அண்ணன் கிளம்புவதற்குள் தேர்வில் தேறிச் சான்றிதழ் கொண்டுவருகிறவருக்கு அந்த இடம். யாருமே தேறாவிட்டால் வெளியாள்.

வீட்டுக்காரர் அன்றைக்கே தம்பியை அழைத்துவந்தார். கொழுந்தன் சலவைச் சட்டையோடு கோட்டைத் தாண்டி உள்ளே போனார். டீ ஆறுவதற்குள் சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார்.

"அண்ணா, இது வேலை இல்ல, தண்டனை," என்றார். "என்னை விட்டுடு."

இரவுச் சாப்பாட்டின் போது வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் எழுதறேன்."

"என்னத்த?"

"பாய்லர் பரீட்சை."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சமாதானமாகத்தான் சொன்னார். "அது குவாலிஃபைட் ஆளுங்க வேலைம்மா. உனக்கு எதுக்கு வீண் ஆசை?"

அவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. கண் கலங்கியது, கோபத்தில். மறுநாள் முதல் வேலையாகப் பெயரைக் கொடுத்தாள். அந்தக் கதவுக்குள் போய் நிற்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பு. பம்பு, வால்வு, அழுத்தமானி எல்லாம் அவளுக்கு வளைந்து கொடுத்தன. அவளைப் பயமுறுத்தியது வாய்மொழித் தேர்வுதான். அது ஆங்கிலத்தில் நடக்கும். அதற்கென்று எல்லாத் தொழில் பயிற்சிக்காரர்களுக்கும் சேர்த்துத் தனி வகுப்பு வைத்து, ஓர் ஆங்கில மிஸ்ஸையும் போட்டிருந்தார்கள். அவளைவிட வயதில் சின்னவள், நாக்கு மட்டும் படு கூர்மை.

ஒருநாள் மிஸ் பலகையில் அந்த வார்த்தையையே எழுதினாள். குவாலிஃபைட். பழைய எதிரியை நடுத்தெருவில் பார்த்தது போல் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு அர்த்தம் என்ன?"

"படிச்சவங்க," என்று வகுப்பே சேர்ந்து சொன்னது.

"பாதிதான் சரி. ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தேவையானதைக் கத்துக்கிட்டு, கத்துக்கிட்டேன்னு நிரூபிச்சவங்க. அதனால யாராவது குவாலிஃபைட்னு சொன்னா, எதுக்குன்னு கேளுங்க. பொத்தாம் பொதுவா குவாலிஃபைட்னு ஒரு ஆளே கிடையாது. சரி, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்போம்."

வெல்டிங்காரர் எழுந்து, என் மகன் குவாலிஃபைட் என்று ஆங்கிலத்தில் சொன்னார். லிஃப்ட் ஆபரேட்டர் தன் அக்காவைச் சொன்னார். அவள் முறை வந்தது. எழுந்து, மூச்சை இழுத்துவிட்டு, என் கொழுந்தன் குவாலிஃபைட் என்றாள். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

"வெரி குட். அவர் எங்க வேலை பாக்கறார்?"

"வீட்டுலதான் மிஸ். ஃபேனுக்குக் கீழ."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தாள். பிறகு மேசைமேல் சாய்ந்துகொண்டு, "இத்தனை பேர் சொன்னீங்க. ஒருத்தர்கூட 'ஐ ஆம்'னு ஆரம்பிக்கலியே," என்றாள். "அர்த்தம் கத்துக்கிட்டீங்க. பயன்படுத்தக் கத்துக்கலை. நாளைக்கு உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அன்று வீடு திரும்பியதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மின்விசிறிக்குக் கீழே போய் நின்றாள்.

"தம்பி, நீங்க எதுக்கு குவாலிஃபைட்?"

கொழுந்தன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில், "அதுதான் அண்ணி எனக்கும் தெரியல," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த நேர்மையான பேச்சு அது. அவளுக்கு அவர்மேல் முதன்முறையாகப் பாசம் பொங்கியது.

அன்றிலிருந்து கொழுந்தனே அவளுக்குத் தேர்வாளர். துண்டைக் கழுத்தில் டை மாதிரி சுருட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவார். அவளும் விடாமல் பதில் சொல்வாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவே வராது. 'ஐ ஆம்' வரை வரும். அதற்கப்புறம் சிரிப்பு வந்துவிடும். வாயைப் பொத்திக்கொள்வாள். இல்லையென்றால் 'ஏதோ கொஞ்சம் தெரியும் சார்' என்று இறங்கிவிடுவாள். அடுத்தவர் நகையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பது போல் கூச்சமாக இருந்தது.

"அண்ணி, சொல்லித்தான் பாருங்களேன். நான் ஒண்ணுமே இல்லாம இத்தனை நாளா சொல்லலையா?"

வீட்டுக்காரர் இதையெல்லாம் கண்டும் காணாதது போல் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஆனால் பக்கம் மட்டும் திரும்பாது.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவருக்கு மீசை பெரியது, குரல் அதைவிடப் பெரியது. அழுத்தம் ஏறினால்? சொன்னாள். பாதுகாப்பு வால்வு மாட்டிக்கொண்டால்? அதையும் சொன்னாள். தட்டுத் தடுமாறிய ஆங்கிலம்தான், ஆனாலும் நொண்டியபடி போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மீசைக்காரர் முன்னால் குனிந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

நெருப்பை அணைப்பேன். தண்ணீர் விட மாட்டேன். ஆற விடுவேன்.

"நான்தான் உன் முதலாளி," என்று அவர் ஆங்கிலத்தில் உறுமினார். மேசையை ஓங்கித் தட்டினார். "சரக்கு போக வேண்டும். தண்ணீரை விடு என்கிறேன். விடாவிட்டால் வேலை போய்விடும். இப்போது என்ன சொல்கிறாய்?"

இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் இல்லை. துண்டு கட்டிய கொழுந்தனும் கேட்டதில்லை. சம்பளம் கொடுப்பவரை எதிர்த்து அவள் தமிழிலேயே பேசியதில்லை.

அப்போதுதான் பாய்லர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்கு வந்தது கோபமே இல்லை. அந்தப் பலகையில் எழுதியிருந்ததைத்தான் அவர் வாயால் சொன்னார். எத்தனை பெரிய ஆள் வந்து நின்றாலும், ஆகாது என்றால் ஆகாது என்று அந்த அறைக்குள் சொல்லக் கடமைப்பட்டவர் யாரோ அவர்தான் குவாலிஃபைட். கூச்சப்பட்டு 'ஏதோ கொஞ்சம் தெரியும் சார்' என்று இழுப்பவள் அங்கே நின்றால், ஆலைக் கூடம் முழுக்க விரிப்பு மடிக்கிற அத்தனை பெண்களும் செத்துப் போவார்கள்.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"நோ சார்," என்றாள். "இன் திஸ் ரூம், ஐ ஆம் குவாலிஃபைட். யூ கோ அவுட்சைட்."

கையும் தன்னால் நீண்டு கதவைக் காட்டியது. மீசைக்காரர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். பிறகுதான் தான் யார் என்பது அவருக்கு நினைவுக்கு வந்து திரும்ப உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சார் நிஜமாவே கிளம்பிட்டாரு!" என்று மூன்றாமவர் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

மீசைக்காரரும் சிரித்தார். "போகாம? அந்தக் குரலுக்கு யாரா இருந்தாலும் போய்த்தானே ஆகணும்," என்றவர், எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். ஐ ஆம் குவாலிஃபைட். சிரிப்பு வந்தது, ஆனால் வாயைப் பொத்தவில்லை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

சான்றிதழ் வீட்டுக்கு வந்தபோது சுவரில் இடமில்லை. கொழுந்தன் நாற்காலிமேல் ஏறி, தன்னுடையதில் நடுவில் இருந்ததைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் அண்ணியுடையதை மாட்டினார். கோணலாக இருந்தது. வீட்டுக்காரர் எழுந்துபோய், அதை நிமிர்த்தி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பாய்லர் அறையில் முதல் நாள். நெருப்பு சீராக எரிந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவள் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர். வேன் சாவி இடுப்பில் தொங்க, கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். அவராகப் போய் டீ வாங்கிவந்து அவளுக்குக் கொடுப்பது இதுவே முதல் தடவை.

"சூடா இருக்கு, குடி," என்று சொல்லிக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தார்.

"என்னங்க, கால்."

அவர் குனிந்து பார்த்தார். வலது செருப்பின் நுனி மஞ்சள் கோட்டைத் தாண்டியிருந்தது. நிமிர்ந்து கதவில் இருந்த பலகையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. புரையேறிய அன்றைக்கு வந்த சிரிப்பு இல்லை, வேறு. காலை இழுத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டினார்.

அவள் வந்து டம்ளரை வாங்கி, அங்கேயே நின்று ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை கம்மி. அதையும் சொல்லிவிட்டாள்.