வலது தோள்

1

இந்தக் கதை எனக்கு வாசல் கேட்டில் நின்றபடி கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் குப்பை எடுக்க வரும் பெண் சொன்னது. பால் கவர்களைச் சாக்கில் திணித்துக்கொண்டே சொன்னாள். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். முடிவுக்கு வருவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். "பாக்கி அடுத்த தடவை, சேச்சி" என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த தடவை என்பது நாளைக்கு. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் பொறுத்தால் உண்மையான முடிவே கிடைக்கும். ஆனால் அது கிடைத்துவிட்டால் இதை எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். (சோம்பலா, பயமா? இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் கிடக்கட்டும்.)

அவளுக்கு சுமா என்று பெயர் வைக்கிறேன். அவள் பெயர் அதுவல்ல.

2

முதல் தொடக்கம்: "மட்டாஞ்சேரியின் மிளகு மணக்கும் சந்துகளில் ஒரு காலை—"

வேண்டாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இங்கே மிளகு மணக்கிறது. நான் பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன். எனக்குச் சாக்கடை மணக்கிறது.

இரண்டாவது: "தன் கணவனுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று சுமா முடிவுசெய்தபோது—"

அவள் முடிவு எதுவும் செய்யவில்லை. வேறு வழி இல்லாமல் போயிற்று. இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது: "சுமாவுக்குக் களைப்பாக இருந்தது."

இது இருக்கட்டும்.

3

சுமாவுக்குக் களைப்பாக இருந்தது. நாற்பத்தொரு வயது. தம்பி சஜி கல்ஃபுக்குப் போகும்போது விட்டுப்போன பைக்கைப் பதினோரு வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி, குப்பைச் சாக்கு, எல்லாம் அந்த பைக்கில்தான். கல்யாண வீடுகளுக்குக் கணவனைப் பின்னால் உட்கார வைத்து அவளே ஓட்டிப் போவாள். மண்டபத்துக்கு ஒரு திருப்பம் முன்னாலேயே அவன் இறங்கிக்கொள்வான். மீதியை நடந்து வருவான்.

அவன் பெயர் வீரபாண்டி. அவனுக்கு வண்டி தேவைப்பட்டதே இல்லை. வீட்டிலிருந்து ஆறு நிமிட நடையில் சுக்கு குடோன், அங்கே மூட்டை தைக்கும் வேலை. இருபது வருடம் போனான், வந்தான். பிறகு குடோனை மூடினார்கள். கட்டடம் ஹோட்டலாகப் போகிறதாம். ஆறு மாதம் வீட்டிலிருந்தான். தன் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில், சுவரோடு சாய்ந்து, டிவியை அணைக்காமலும் பார்க்காமலும்.

பிறகு கும்பளங்கியில் ஓர் இறால் பண்ணையில் ஆள் கேட்டார்கள். விடியும்போது அங்கே நின்று மதகைத் திறக்க வேண்டும். ஒன்பதுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், வண்டியும் சுமாவின் வேலைக்கு வந்துவிடும். ஆனால் விடியும் நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. பைக் ஓட்டத் தெரிந்தால் வேலை. தெரியாவிட்டால் மறுபடியும் அந்தச் சுவர்.

4

மைதானத்தில் முதல் நாள் அவள் சாதாரணமாகத்தான் கற்றுக்கொடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, உரக்க.

"கிளட்சைப் பையெ விடுங்க. பையெ. மாமா, பையென்னு சொன்னேன்."

வண்டி துள்ளி நின்றது. மதில்மேல் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன் குடோனில் சுமை தூக்கியவன்.

"பாண்டீ, டீச்சர் நல்ல ஸ்ட்ரிக்ட் ஆணல்லோ."

வீரபாண்டி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான்.*

"நீ சத்தம் போடாதே."

"சத்தம் போடாம எப்படிப் படிப்பிக்கறது?"

"பொண்டாட்டி வண்டி படிப்பிக்குதுன்னு நாளைக்கு பஜார் முழுக்கச் சொல்லுவானுங்க."

"பொண்டாட்டிதானே படிப்பிக்குது."

"அது அவனுங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அப்படித்தான் தோள் பாஷை வந்தது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்திருக்கிறாள். உலகத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வலது தோளை அழுத்தினால் பிரேக். இடது தோளைத் தட்டினால் கியர் குறை. நடு முதுகில் விரல் வைத்தால் பின்னால் வண்டி வருகிறது, ஒதுங்கு.

மூன்று வாரத்தில் அவன் நன்றாக ஓட்டினான். தோப்பும்படி ஜங்ஷன் வரை போனார்கள். பஸ்களுக்கு நடுவில்கூடப் போனார்கள். மதில்மேல் இருந்தவர்களுக்கு வேறு வேடிக்கை கிடைத்தது.

* இங்கே அவன் பெயரையே பாதி வெட்டிக் கூப்பிட்டால் தமிழர்களைத் திட்டும் வார்த்தை ஆகிவிடும். இருபது வருடத்தில் எந்தத் தடவை பெயர், எந்தத் தடவை திட்டு என்று அவன் கேட்டதில்லை. இதைக் கதைக்குள் வைத்தால் அவன்மேல் பரிதாபம் கூடிவிடும். அதனால்தான் கீழே போட்டிருக்கிறேன்.

5

டெஸ்ட்டில் எட்டு போட வேண்டும். கம்பிகளுக்கு நடுவில், கால் ஊன்றாமல், எட்டு வடிவத்தில் ஓட்டி, வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். பின்னால் யாரும் உட்காரக் கூடாது.

வீரபாண்டி எட்டை அழகாகப் போட்டான். கால் ஊன்றவில்லை, கம்பியைத் தொடவில்லை. பிறகு வெள்ளைக் கோட்டைக் கடந்தான். கயிற்றைக் கடந்தான். இன்ஸ்பெக்டர் எழுந்து ஒதுங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டி நின்றான்.

"சேட்டா, இதில் பிரேக் உண்டு, கேட்டோ" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரபாண்டி திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். சுமா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று அதைப் பார்த்தாள். அவன் பிரேக்கைத் தேடவில்லை. அவளைத் தேடினான்.

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் கை சொன்னபடி ஓட்டத்தான் தெரியும்.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவள் தோளிலிருந்து கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. டெஸ்ட் அன்று வெள்ளைக் கோட்டுக்கு நேர் எதிரே, வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அவன் எட்டை முடித்து நேராக வந்தபோது தன் வலது தோளைத் தானே அழுத்திக்கொண்டாள்.

அவன் நிறுத்தினான். லைசன்ஸ் கிடைத்தது. மாமியார் பாயசம் வைத்தாள்.

6

இந்த இடத்தில் எனக்கு சுமாமேல் சந்தேகம் வருகிறது.

நாற்காலியில் முட்டிய அன்றே அவளுக்கு விஷயம் தெரியும். ஏன் கையை எடுக்கவில்லை? "நேரம் இல்லை" என்று எழுதினேன், அடித்தேன். "பயம்" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். என் பாத்திரங்கள் செய்வதற்குக் காரணம் தெரியாதபோதெல்லாம் நான் பயம் என்று எழுதிவிடுகிறேன்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். ஜன்னலைச் சாத்துங்க என்றால் எதற்கு என்பான். அம்மாவுக்கு மாத்திரை கொடுங்க என்றால் நீ கொடு என்பான். அந்தப் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் விரலை வைத்த உடனே ஓர் ஆள் சொன்னபடி கேட்கிறான். ஏன் என்று கேட்பதில்லை. அழுத்தினால் நிற்கிறான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

(இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் வைத்தது. நாளைக்குக் கேட்கவும் மாட்டேன்.)

ஆனால் அது கதையில் பாதிதான். மீதிப் பாதியை அவளே சொன்னாள், சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "சேச்சி, பெரும்படப்புப் பாலத்துல எத்தனை தடவை போயிருப்பேன். ரெண்டு பக்கமும் காயல் தண்ணின்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் நான் பார்த்ததே இல்ல. வண்டி ஓட்டறவ எங்க பார்க்கறது." பிறகு, "ஒரு நாள் பின்னால உக்காந்து, கையை மடியில வெச்சுட்டு, சும்மா போகணும்னு இருந்துச்சு" என்றாள்.

இரண்டும் ஒரே பெண்ணின் கை. தோளை விடாத கையும் மடிக்குப் போக ஆசைப்படும் கையும். களைத்துப் போனவர்கள் ஓய்வு கேட்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஓய்வு கொடுத்தால் வாங்கத் தெரியாத களைப்பும் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது அதற்குத் தெம்பில்லை. நேரம் போகிறது.

7

திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். தனியாக. ஞாயிற்றுக்கிழமை காலை சுமா அவனை எழுப்பினாள்.

"எங்க?"

"கும்பளங்கி வரைக்கும். நாளைக்குப் போற வழி."

ஹெல்மெட் வாரை அவன் தாடைக்குக் கீழே தானே இழுத்து மாட்டிவிட்டாள். தன்னுடையதையும் மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இன்னைக்கு நான் தொட மாட்டேன்."

"எதை?"

"உங்களை. கை மடியிலதான் இருக்கும்."

"பின்னே எப்படி ஓட்டறது?"

"ரோட்டைப் பார்த்து."

"ரோட்டைப் பார்த்துதானே ஓட்டறேன்."

"இல்ல மாமா. டெஸ்ட்டுலயும் நீங்க ரோட்டைப் பார்க்கல. என்னைப் பார்த்தீங்க."

"அது நீ தோளை அழுத்திக் காட்டினே."

"ஆமா. தப்பு."

பதினெட்டு வருடத்தில் அவள் அந்த வார்த்தையை அவனிடம் சொன்னது அது முதல் தடவையாக இருக்கலாம். வீரபாண்டி கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"முட்டினா?"

"மெதுவாப் போங்க. முன்னால போற வண்டிக்கும் நமக்கும் இடம் விட்டுப் போங்க. முட்ட மாட்டீங்க."

"நீ பயப்பட மாட்டியா?"

"எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல" என்றாள் சுமா.

8

முடிவுகள். நேற்று மூன்று எழுதினேன்.

ஒன்று. பெரும்படப்புப் பாலம் இறங்கும் இடத்தில் அவன் தானாகவே பிரேக் போடுகிறான். சுமா அழுகிறாள். (அவள் அழமாட்டாள். அழுதது நான்.)

இரண்டு. அவன் போடவில்லை. கடைசி நொடியில் அவள் கை தோளுக்குப் போய்விடுகிறது. யாருக்கும் அடியில்லை. திங்கட்கிழமை விடியலில் அவளே அவனைக் கொண்டுபோய் விடுகிறாள். செவ்வாயும் அவளே. அவனுக்கு அறுபது வயதாகும்வரை அவளே. இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

மூன்று. அவன் போடவில்லை. அவள் கையும் எழும்பவில்லை. இதை நான்கு வரிக்குமேல் எழுத முடியவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

9

நடந்தவரை எழுதுகிறேன்.

தோப்பும்படி சிக்னலில் அவன் நிறுத்தினான். முன்னால் எல்லாரும் நின்றதால் நின்றான் என்றும் சொல்லலாம். பள்ளுருத்தியில் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தபோது சுமாவின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. அவளே அதை இடது கையால் பிடித்து மறுபடி மடியில் வைத்தாள். ஆட்டோ தானே ஒதுங்கிப் போனது. அதனால் அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது பாலம். வண்டி மெதுவாகத்தான் ஏறுகிறது. உச்சிக்கு வந்தாயிற்று. இறக்கத்தின் அடியில் சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்தவர்கள் சாலையைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, மடித்த குடை. ஒரு பெண் நடுச்சாலையில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறாள். தூரம் இருக்கிறது. நிறுத்த நேரம் இருக்கிறது. அவன் இப்போது பார்த்தால் போதும்.

இங்கே நான் ஒரு வாக்கியம் எழுதலாம். "வீரபாண்டியின் வலது கால் பிரேக்கை மிதித்தது." ஆறே நொடியில் எழுதிவிடலாம். எல்லாரும் பிழைப்பார்கள், அவனுக்கு வேலை கிடைக்கும். ஆனால் அது அவன் போட்ட பிரேக் ஆகாது. வேலிக்கு வெளியே நின்று நான் என் தோளை அழுத்திக் காட்டியதாகிவிடும். அதற்கு லைசன்ஸ் கிடைக்கும். திங்கட்கிழமை உதவாது.

ஆகவே கையை எடுத்துவிட்டேன். உங்கள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழும்பியிருந்தால் நீங்களே பிடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிரமம்தான்.

வண்டி இறங்கத் தொடங்குகிறது. சுமா, கைகளைக் கோத்து மடியில் வைத்தபடி, முகத்தை இடப்பக்கம் திருப்புகிறாள். காயல் இருக்கிறது. அவள் நினைத்ததைவிட அகலமாக.