இடது கை தூக்கியவர்கள்

எங்கள் சமையலறை ஜன்னலும் கணக்கு டீச்சர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தானாக வந்து விழுகிற பேச்சுக்குக் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதரோ, மற்ற பிரிவுகளில் தேறாது என்று கழித்த பிள்ளைகளை ஒரே அறையில் திரட்டி இவர் தலையில் கட்டியிருந்தார். அதில் என் மகளும் ஒருத்தி, மறைப்பானேன். வகுப்பில் தூங்கி வீட்டில் விழித்துக்கொள்ளும் ரகம்.

டீச்சர் அங்கே ஒரு கூத்து ஆரம்பித்தார். யாராவது எழுந்து "தெரியாது" என்று சொன்னால்தான் பாடமே தொடங்கும். சொன்னவர் கையில் சாக்பீஸ். எந்த வரி வரை புரிந்தது, எங்கே கழன்றுகொண்டது என்று கரும்பலகையில் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து பாடம். திட்டு விழாது என்று பிள்ளைகள் நம்புவதற்கே பல வாரம் பிடித்தது. சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு பாடத்தைப் பிள்ளைகளிடமே கேட்கிறாரே என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்ற செய்தி வந்தது. தலைமை ஆசிரியர் வகுப்பு வகுப்பாகப் போய் ஒத்திகை நடத்தினார். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளை மட்டும் எழுப்புவார். பார்க்கிறவருக்கு வகுப்பே அறிவுக் களஞ்சியமாகத் தெரியும்.

அன்று மாலை எதிர் ஜன்னலில் டீச்சரின் கணவர் கெஞ்சினார். "ஊரே செய்யறதுதானே. ஒரு நாள் கண்ண மூடிக்கிட்டு நீயும் செஞ்சிட்டுப் போயேன்மா."

பாத்திரம் ணங்கென்று விழுந்தது. "தெரியலன்னு சொல்ல வைக்கவே எனக்கு உயிர் போச்சு. இப்ப அத மறைக்கவும் நானே சொல்லிக் குடுக்கணுமா?"

மனுஷிக்கு வேலை போனது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்த அன்று நடந்தது என் மகள் சொன்னது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும் கணக்கு. அத்தனை கைகளும் எழும்பின. முன் வரிசையில் வலது கைகள் இருந்தன. தலைமை ஆசிரியர் அங்கே கண்ணைக் காட்டினார். டீச்சர் அவரை நேராகப் பார்த்துக்கொண்டே, இடது கை தூக்கியிருந்த என் மகளை எழுப்பினார்.

இவள் போய்க் கோடு போட்டாள். "கீழ ரெண்டும் ஆறாகுற வரைக்கும் புரியுது சார். மேல இருக்குற ஒண்ணு எதுக்கு மாறுதுன்னு தெரியல."

தெரியாதவள் ஏன் கை தூக்கினாய் என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"தெரியாதுன்னா இடது கை சார். எல்லா வகுப்புலயும் அப்படித்தான்."

என் வயிற்றில் பிறந்தது வேறு எப்படிப் பேசும்? அதிகாரி நேரே முதல் பிரிவுக்குப் போய் இடது கைகளாகப் பார்த்து எழுப்பினாராம். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. தலைமை ஆசிரியர் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டதாம்.

அதிகாரி ஊர் போய்ச் சேர்ந்ததும் வந்தது வினை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் கையெழுத்து, இல்லையென்றால் அந்த வகுப்பு கிடையாது என்றார் தலைமை ஆசிரியர். டீச்சர் எழுதவில்லை. அன்றிரவு எதிர் ஜன்னல் சாத்தியே கிடந்தது. நான் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியரே வகுப்புக்கு வந்து, நாளை முதல் வேறு ஆசிரியர் வருவார் என்று அறிவித்தார். டீச்சர் மேசை ஓரம் சாக்பீஸோடு நின்றார். திரும்பிப் போக எத்தனித்த தலைமை ஆசிரியர் நின்றுவிட்டார். வகுப்பு முழுவதும் கை தூக்கியிருந்தது, முன் வரிசை உட்பட. அத்தனையும் இடது கை.

"என்ன?" என்றார்.

என் மகள்தான் எழுந்தாளாம். "மிஸ்ஸ எதுக்கு மாத்துறீங்கன்னு தெரியல சார்."

டீச்சர் சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.