மூட்டையில் ஒரு நாள் குறைவு

தவிட்டுமலையில் நாட்கள் கிடையாது. செக்போஸ்டுக்கு மேலே எத்தனை நாள் இருக்கப் போகிறோமோ, அத்தனை நாளையும் கீழேயிருந்து நாமேதான் கட்டிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் ஓடையில் கிடைக்கும். சுள்ளி பொறுக்கிக்கொள்ளலாம். நாள் மட்டும் கிடைக்காது.

அதனால் எங்கள் ஊரில், மலைக்குப் போகிற வழக்கம் உள்ள வீடுகளில், நாட்களைச் சேர்த்து வைப்பார்கள். காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாள், பஸ்ஸைத் தவறவிட்டு வீணான நாள், ஒன்றுக்கும் உபயோகப்படாமல் போன ஞாயிறு என்று எது மிஞ்சினாலும் சாயங்காலம் மடித்து பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுவோம். அந்துருண்டை மட்டும் போடக் கூடாது. பிரிக்கும்போது மத்தியானம் வரைக்கும் அந்த வாடைதான் அடிக்கும்.

என் கணவர் பவுன்ராஜ் போன தை மாதம் தவிட்டுமலைக்குப் போனார். தனியாகத்தான் போனார். ஐந்து நாள் பயணம். ஏற மூன்று, இறங்க இரண்டு. ஐந்து நாள் பயணத்துக்கு அவர் எப்போதும் ஆறு நாள் கட்டுவார். "சும்மா ஒன்னு கெடக்கட்டும்" என்பார்.

அந்தச் சும்மா ஒன்றை நான்தான் எடுத்தேன்.

என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்தது புதன்கிழமை. புதன்கிழமை யாருக்கு லீவு கிடைக்கும்? அவர் மூட்டையில் கசங்காத ஞாயிறு ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் புதன் மேல் விரித்தோம். சொந்தபந்தம் மொத்தமும் வந்துவிட்டது. கிடா விருந்து, பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். அவரிடம் சொல்ல நேரமில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். மலைக்கு வா வா என்று ஆறு வருடமாகக் கூப்பிடுகிறார், ஒரு தடவைகூட நான் போனதில்லை. அவருடைய மலைச் சாமானைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கை மட்டும் வந்தது.

தை மாதத்தில் மழை பெய்யாது என்பார்கள். அந்தத் தையில் பெய்தது. முதல் கேம்பில் ஒரு நாள் முழுக்கக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். பிறகு உச்சிக்குப் போய்த் திரும்பி, இரண்டாவது கேம்புக்கு இறங்கியபோது ஐந்தாவது நாளின் சாயங்காலம் முடிந்துவிட்டது. பைக்குள் கையை விட்டால் அடுத்த நாள் இல்லை. அங்கேயே நின்றுவிட்டார்.

மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். "ஒங்க வீட்டுக்காரரு ரெண்டாவது கேம்புல நிக்கிறாரும்மா. நல்லாத்தான் இருக்காரு. கையில டீ டம்ளரு இருக்கு." அவர்களிடம் மிச்ச நாள் இருந்ததாம், கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மலையில் அடுத்த வீட்டு நாள் ஒட்டாது.

அதற்குப் பிறகு காட்டுத் தீ காலம் என்று செக்போஸ்டை மூடினார்கள். அப்புறம் மழைக்காலம் என்று மூடினார்கள். திறந்த பிறகும் நான் இரண்டு மாதம் போகவில்லை. பயம்தான், வேறென்ன. போய் அவர் முகத்தைப் பார்த்து, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமே.

மார்கழியில் பையை எடுத்தேன். எனக்குத் துணையாக என் நாத்தனார் பவுன்தாயி வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளும் அவரும் இரட்டையர். அவர் பத்து நிமிடம் முன்னால் பிறந்தவர் என்பதால் முப்பத்தெட்டு வருடமாக அவள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டு வருகிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் காலில் விழுந்து எழும்போது பல்லைக் கடிப்பாள். என்னைவிடவும் அவர் ஐந்து மாதம் மூத்தவர். அதை ஐந்து வருடம் போலச் சொல்லிக் காட்டுவார்.

"எங்கண்ணனுக்கு எண்ணத் தெரியாது மதினி. அஞ்சுன்னு நெனச்சுக்கிட்டு நாலக் கட்டுற ஆளு" என்றாள் தாயி. நான் ஸ்பிரிங் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். எடை விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. பன்னிரண்டு கிலோவுக்கு மேல் என் முதுகு தாங்காது. கூடாரம், தூங்கும் பை, ஸ்வெட்டர், சின்ன அடுப்பு, அவல், கடலைமிட்டாய், புளிச்சாதத் தொக்கு, அட்டைப்பூச்சிக்குத் தேய்க்க வேப்பெண்ணெயும் மூக்குப்பொடியும். இதெல்லாம் சேர்ந்து எட்டு கிலோ. மிச்சம் நாலு கிலோதான் நாட்களுக்கு.

இரண்டாவது கேம்புக்கு ஏற இரண்டு நாள் வேண்டும். அங்கேயிருந்து இறங்க ஒரு நாள் போதும். பீரோவைத் திறந்தால் பழைய நாட்களில் இரண்டுதான் மிச்சம். ஒன்று காய்ச்சல் நாள், இருநூறு கிராம். மற்றது பஸ்ஸைத் தவறவிட்ட நாள், அரைக் கிலோ. மற்றதெல்லாம் இந்தப் பதினோரு மாதத்தில் சேர்ந்தவை. எல்லாமே காத்திருந்த நாட்கள். ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குக் குறையவில்லை. காத்திருந்த நாளைப் போலக் கனமானது வேறு எதுவும் பீரோவில் இல்லை.

"எறங்குறதுக்கு ரெண்டாக் கட்டு மதினி. ஒனக்கு ஒன்னு, அண்ணனுக்கு ஒன்னு" என்றாள் தாயி.

ஒரு நாளில் இரண்டு பேர் இருக்கலாம். பிரிக்கும்போது இரண்டு பேரும் அங்கே இருக்க வேண்டும், கைக்கெட்டும் தூரத்திலேயே நடக்க வேண்டும். ஒரே ஒரு சங்கடம், இருவருக்குள் மனஸ்தாபம் இருந்தால் நாள் நடுவில் கிழிந்துவிடும். கிழிந்தால் இரண்டு பேருமே அங்கே நிற்க வேண்டியதுதான். போன வருடம் ஒரு மாமனாரும் மருமகனும் அப்படி நின்றார்கள்.

"ஒனக்கும் அண்ணனுக்கும் சண்ட ஒன்னும் இல்லியே?" என்று தாயி கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"இருந்தாலும் ரெண்டாவே கட்டு. அவன் என்ன நெனப்புல நிக்கிறானோ."

அவளே இரண்டையும் கட்டிப் பைக்குள் திணித்தாள். தராசு பதினைந்தைக் காட்டியது. தாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் அவள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தபோது, அவருக்கென்று கட்டிய நாளை எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்தேன். முதுகுக்காக மட்டும் அல்ல. தனி நாள் கொண்டுபோனால், தனித்தனியாக இறங்குவது என்று நானே முடிவுகட்டின மாதிரி ஆகிவிடும். ஆனாலும் பீரோவைப் பூட்டும்போது எண்ணிப் பார்த்தேன். அவர் மூட்டையிலிருந்து நான் நாள் எடுப்பது இது இரண்டாவது முறை.

தாயி முழங்கால் வலிக்காரி. செக்போஸ்ட் வரைக்கும்தான் வந்தாள். காவலர் சீனிச்சாமி பையை எடை போட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் என் பெயர், வயது, நாட்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதிக்கொண்டார். மூன்று என்று நான் சொன்னபோது தாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிற்காமல் நடந்துவிட்டேன்.

முதலில் காய்ச்சல் நாளைப் பிரித்தேன். மலை முழுக்கக் கதகதப்பாக இருந்தது. புல்வெளியில் மிளகு ரச வாசனை. பாதை லேசாக அசைந்துகொண்டே இருந்ததால் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். நாலு மணிவாக்கில் யாரோ என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் படுத்திரு என்றார்கள். முதல் கேம்பில் படுத்துக்கொண்டேன்.

அடுத்தது பஸ்ஸைத் தவறவிட்ட நாள். ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் அப்போதுதான் ஏதோ கிளம்பிப்போன புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாக ஏறினேன். எவ்வளவு வேகமாகப் போயும் கொஞ்சம் பிந்திக்கொண்டேதான் இருந்தேன். அப்படியே இரண்டாவது கேம்ப் வந்துவிட்டது.

அவர் பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி மட்டும் அந்தப் பழைய சாயங்காலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆவி எழுந்த இடத்திலேயே நின்றது. கெண்டைக்காலில் ஓர் அட்டை. அதற்கும் நாள் தீர்ந்திருந்தது. பதினோரு மாதமாக நான் பார்க்காத முகம். உட்கார்ந்து அழுதேன். நாள் முடியப் போகிறது என்று தெரிந்ததும் எழுந்து, காத்திருந்த நாளைப் பையிலிருந்து எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் பிரித்தேன்.

காலை வெளிச்சம் வந்தது. அவர் டீயைக் குடித்தார்.

"வந்துட்டியா கனி? இதுல சக்கர பத்தல" என்றார்.

அட்டை மேல் மூக்குப்பொடி போட்டேன். குனிந்தபடியே சொன்னேன். "ஒரு நாள நான்தாங்க எடுத்தேன். காதுகுத்துக்கு. ஒங்ககிட்ட சொல்லாம எடுத்துட்டேன்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"செக்போஸ்ட்ல எடை போடும்போதே தெரிஞ்சுபோச்சு. எதுக்காச்சும் வேணும்னுதான எடுத்திருப்ப."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க? திரும்பி வர வேண்டியதுதான?"

அவர் டம்ளரைக் கவிழ்த்து உதறினார். "மழ வராதுன்னு நெனச்சேன். வந்தா நீ வருவேன்னு நெனச்சேன். ஆறு வருசமாக் கூப்புடுறேன், வந்தியா? ஒரு நாளு கொறஞ்சாத்தான் வருவ போலருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் என்னை மன்னிப்பாரா என்றுதான் பதினோரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். என் கோபத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"பதினோரு மாசம்! ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். வெளாட்டா இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

நாள் கிழிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், நெஞ்சு உயரத்தில் தொடங்கி, புதுத்துணி கிழிகிற சத்தத்தோடு சூரியனை நோக்கிப் போனது. கிழிசலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அவருடைய இடது கை அசையாமல் நின்றுவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. நாலு கிலோ இடத்தில் இன்னொன்றைத் திணித்திருக்கலாம், முதுகு ஒடிந்தால் ஒடியட்டும் என்று சுமந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"கனி," என்றார் அவர் மெதுவாக, "தப்புதான். நான் திரும்பியிருக்கணும்."

"நானும் கேட்டுட்டு எடுத்திருக்கணும்" என்றேன். கோபம் போகவில்லை. ஆனால் கிழிசல் அதோடு நின்றது.

தாலிச் செயினில் எப்போதும் இரண்டு ஊக்கு மாட்டியிருப்பேன். கழற்றி ஒன்றை நெஞ்சு உயரத்தில் குத்தினேன். மற்றது எனக்கு எட்டவில்லை. அவர் வலது கையால் வாங்கி, எக்கி, மேலே குத்தினார். கொஞ்ச நேரத்தில் இடது கையும் அசைந்தது. கைகோத்துக்கொண்டு இறங்கினோம்.

நாங்கள் பிரித்த அந்தக் காத்திருந்த நாள், ஆவணி மாதத்து வியாழன். நடுக்காட்டில் அடிக்கடி பைக் சத்தம் கேட்டது. கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் நின்று பாதையை எட்டிப் பார்த்தோம். யாரும் வரவில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன். கையை விடவில்லை.

"தெனமும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று ஓடைக்கரையில் கேட்டார்.

"இது லேசான நாளு. இருக்குறதுலயே லேசாப் பாத்து எடுத்தேன்."

அவர் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

செக்போஸ்டுக்கு வந்தபோது நாளில் ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. சீனிச்சாமி ரிஜிஸ்டரைப் புரட்டி, விரல் விட்டு எண்ணி, அவருடைய வயதை எழுதினார். பிறகு என்னுடைய வயதையும் பவுன்தாயியின் வயதையும் எழுதினார். பதினோரு மாதம் அவருக்கு நாள் ஓடவில்லை. எங்களுக்கு ஓடியிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பவுன்தாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் காலில் விழுந்தார்.

"நல்லா இருடா தம்பி. மூக்கச் சிந்து மொதல்ல" என்றாள்.

"சரிக்கா" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மூணுதான் கொண்டுபோனியா? வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் நான் பயப்படவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்தை அவர் எனக்கு விட்டுக்கொடுத்தார். "நீங்க உக்காருங்க, மூத்தவங்க" என்றார். ஆறு மாதம்தான் வித்தியாசம், இருந்தாலும் மரியாதை மரியாதைதான். உட்கார்ந்துகொண்டேன். வண்டி கிளம்பி இரண்டாவது வளைவுக்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஊர் வந்தும் நான் எழுப்பவில்லை. வளர்கிற வயசு, தூங்கட்டும்.